பள்ளத்து 'பி'

ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜுக்கு இறங்கும்போது, காசல்ரீ நீர்த்தேக்கம் மரங்களுக்குப் பின்னால் மறைந்த கொஞ்ச நேரத்தில், டிரைவர் அண்ணன் கியர் கோலை 'டி'யிலிருந்து இன்னும் கீழே இழுத்தார். டாஷ்போர்டில் எழுத்து மாறியது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல கார் ஒருதரம் தயங்கிவிட்டு, பிறகு அடங்கி நடந்தது.

"அது என்னண்ணே, பி-ன்னா?"

"பள்ளம், தம்பி."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. ஆங்கில எழுத்துத் தெரிந்தவர், பிரேக் என்ற சொல்லும் தெரிந்தவர். ஆனாலும் அந்த எழுத்துக்கு அவர் வைத்த பெயர் பள்ளம். அதே வரிசையின் உச்சியில் இன்னொரு 'பி' இருக்கிறது, வண்டியை நிறுத்திப் பூட்டுவதற்கு. ஆங்கிலத்தில் அவை இரண்டு எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் அவர் பேச்சில் மேலே இருப்பது 'நிறுத்துற பி', கீழே இருப்பது 'பள்ளத்து பி'. எனக்கும் இதைவிடத் தெளிவாக எழுத வராது.

கார் டொயோட்டா அக்வா. ஜப்பானில் யாரோ சில வருடம் ஓட்டி, பிறகு கப்பலேறி இங்கே வந்தது. 'ஈவி' என்று ஒரு பொத்தான், 'இகோ' என்று இன்னொன்று. அண்ணன் இரண்டையும் தொடவில்லை. முடக்குக்கு முடக்கு அவர் கை போனது அந்தக் கோலுக்குத்தான். இந்த மோட் எல்லாம் எங்கே, யார் ரோட்டுக்காகப் பிறந்தது, இங்கே வந்து எப்படி வேறு வேலை பார்க்கிறது என்ற யோசனை எனக்கு அங்கேதான் தொடங்கியது.

மலைநாட்டுக்கு மோட் என்பதை முதலில் காட்டியது கம்ப்யூட்டர் இல்லை. தோட்டத்துத் துரையின் லேண்ட்ரோவர். இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தில் பொறியியல் பகுதியை நடத்திய மொரிஸ் வில்க்ஸ் தன் பண்ணை வேலைக்கு, போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்திருந்தார். இது போனால் அடுத்தது என்ன வாங்குவது என்று பேச்சு வந்தபோது, நாமே ஒன்று செய்தால் என்ன என்று 1947இல் வேல்ஸின் ஆங்கில்சி கடற்கரை மணலில் அவர் படம் கீறிக் காட்டினார் என்பது அந்த வண்டியின் பிறந்த கதை. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளியே வந்தது. போருக்குப் பிந்திய காலம், இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் உடல் அலுமினியக் கலவை. பெயின்ட், இராணுவத்தில் மீந்துபோன பச்சை. தேயிலைக்கு நடுவில் நிறுத்தினால் தேடிப் பிடிக்க வேண்டிய பச்சை.

அந்த வண்டியின் தரையில் வழக்கமான கியர் கோலுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு இருக்கும். ஒன்றின் தலை மஞ்சள், மற்றதன் தலை சிவப்பு. மஞ்சளை அமுக்கினால் முன் சக்கரங்களுக்கும் இழுவை போகும். சிவப்பைப் பின்னால் இழுத்தால் எல்லாக் கியரும் ஒரு படி இறங்கிவிடும். அதே இன்ஜின் வேகத்துக்கு வண்டி ஏறக்குறைய இரண்டரை மடங்கு மெதுவாகப் போகும், இழுவை அதே அளவு கூடும். சிவப்பை இழுத்தால் மஞ்சள் தானாகவே விழுந்து நாலு சக்கரமும் சேர்ந்துவிடும். வண்டியை நிறுத்தி, கிளட்ச் மிதித்து, கையால் இழுத்து, பல்லோடு பல் சேரும் 'கடக்' சத்தத்தைக் கேட்டால்தான் ஆயிற்று.

இதுதான் மோட். பெயர்தான் அப்போது இல்லை. ஒரே வண்டி, ஒரே இன்ஜின், ஆனால் ரோட்டுக்குத் தக்க இரண்டு குணம். கறுப்புத் தார் ரோட்டில் ஒன்று, மேற்கணக்கு மலைக்கு ஏறும் கல் ரோட்டில் மற்றது. லயத்து வாசலில் நிற்பவர்களுக்குத் துரை எந்தப் பக்கம் வருகிறார் என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும். வண்டி நடக்கிற வேகத்துக்குப் பொருந்தாமல் இன்ஜின் அலறினால் சிவப்புக் குமிழ் பின்னால் இருக்கிறது, அவர் மேலே ஏறுகிறார் அல்லது செங்குத்தாக இறங்குகிறார் என்று அர்த்தம். இறங்குவதற்கும் அதே சிவப்புதான். ஏற்றத்துக்கு இழுவையாக இருப்பது பள்ளத்துக்குக் கடிவாளம். வாங்கிய முதல் வாரமே எந்த மலை டிரைவருக்கும் விளங்கிவிடும் விஷயம் இது. அதை 'பி' என்ற எழுத்தாக டாஷ்போர்டில் போட உலகம் இன்னும் ஐம்பது வருடம் எடுத்துக்கொண்டது.

துரைக்கு இரண்டு குமிழ். மற்றவர்களுக்கு? பஸ்ஸுக்கும் லொறிக்கும் கிளீனர் பையன். ஏற்றத்தில் வண்டி நின்று மறுபடி எடுக்கும்போது பின்னால் உருளாமல் இருக்க, கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்து ஓடிப் பின் டயருக்கு முட்டுக் கொடுப்பான். வண்டி நகர்ந்ததும் கட்டையோடு ஓடிவந்து தொற்றிக்கொள்வான். இதே வேலையைச் செய்ய அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் 1936இலேயே தன் கார்களில் ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. கிளட்ச்சை மிதித்திருக்கும்வரை பிரேக்கை விடாமல் பிடித்திருக்கும். இன்று புதுக் கார்களில் 'ஹில் ஸ்டார்ட் அசிஸ்ட்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அதன் பாட்டன் அதுதான். கிளீனர் பையன் அதற்குச் சித்தப்பா முறை வேண்டும்.

அடுத்த வம்சம் ஜப்பானிலிருந்து வந்தது. 1980களின் தொடக்கத்தில் டொயோட்டா, தானியங்கிக் கியர்பெட்டியைச் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றின் கையில் கொடுத்தது. அதுவரை ஓட்டோ கியர் எண்ணெய் அழுத்தத்தைப் பார்த்துத் தானே மாறிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரே ஒரு புத்திதான். கம்ப்யூட்டர் வந்ததும் இரண்டு புத்தி வைக்கலாம் என்று ஆயிற்று. சாதாரணமாக ஓட்டினால் சீக்கிரம் மேல் கியருக்குப் போ. 'பவர்' பொத்தானை அமுக்கினால் பொறுத்துப் போ, கீழ்க் கியரிலேயே இன்னும் கொஞ்சம் இழு. இன்ஜின் ஒன்றும் மாறவில்லை, கியர் மாறும் நேரம் மட்டுந்தான் மாறியது. இன்றைக்குப் பல கார்களில் உள்ள இகோ, நோர்மல், ஸ்போர்ட் என்ற மூன்று பிள்ளைகளுக்கும் இதுதான் பிறந்த வீடு என்று நான் சொல்வேன்.

அந்த வழியில் நமக்கு வந்த விசித்திரம் 'ஸ்னோ' பொத்தான். ஜப்பானின் வடக்குப் பக்கத்துக் குளிருக்காக வைத்தது. இலங்கைக்கு ரீகண்டிஷனாக வந்த ஓட்டோ கியர்க் கார்கள் பலவற்றில் அது அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. கொழும்பில் முப்பத்திரண்டு பாகை வெயிலில் நிற்கும் காரில் ஸ்னோ என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. இங்கே மட்டும் என்ன? நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லின்மேல் வெள்ளை பூக்கும், கொழுந்து கருகும். அது உறைபனி. ஸ்னோவை நாம் படத்தில்தான் பார்த்திருக்கிறோம்.

ஆனால் அந்தப் பொத்தான் செய்யும் வேலை என்ன? வண்டியை முதல் கியரில் எடுக்காமல் இரண்டாம் கியரில் எடுக்கும். சக்கரத்துக்குப் போகும் இழுவை குறையும், அதனால் வழுக்கும் தரையில் டயர் சும்மா சுழலாது. சக்கரத்துக்குக் கீழே இருப்பது பனியா, தோட்டத்துச் செம்மண் சேறா, மழையில் நனைந்த யூகலிப்டஸ் இலையா என்று கியர்பெட்டிக்குத் தெரியாது. வழுக்கல் எல்லாம் அதற்கு ஒன்றுதான். மழை நாளில் லயத்துக்குப் போகும் மண் ரோட்டில் கார் மாட்டிக்கொண்டு, ஆளுக்கு ஆள் தள்ளிக் களைத்தபின், "அந்த ஸ்னோவ ஒருக்கா அமுக்கிப் பாருங்க" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, வண்டி மெதுவாக ஊர்ந்து மேலேறியதை நான் பார்த்திருக்கிறேன். சப்பாத்து முழுக்கச் சேறு எனக்கு.

இதற்கெல்லாம் பிறகும் ஒன்று மிச்சமிருந்தது. எக்ஸிலேட்டர் மிதிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இரும்புக் கேபிள் ஒன்று ஓடியது. கால் எவ்வளவு அமுக்குகிறதோ, காற்றுக் கதவு அவ்வளவு திறக்கும். கால் சொன்னதுதான் சட்டம், நடுவில் தரகர் கிடையாது. 1980களின் கடைசியில் பீ.எம்.டபிள்யூ. தன் பன்னிரண்டு சிலிண்டர் 7 வரிசைக் காரில் அந்தக் கேபிளை அறுத்தது. மிதிக்குக் கீழே ஒரு உணரி. கால் எவ்வளவு கேட்கிறது என்பதை அது கம்ப்யூட்டரிடம் சொல்லும். எவ்வளவு கொடுப்பது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். மிதி என்பது அன்றோடு கட்டளை போடுவதை விட்டு விண்ணப்பம் போடத் தொடங்கியது. பத்துப் பதினைந்து வருடத்தில் சாதாரணக் கார்களுக்கும் இந்த ஏற்பாடு இறங்கி வந்தது.

மோட் பொத்தான்களின் பெரிய இரகசியம் இதற்குள்தான் இருக்கிறது. மிதியைக் கால்வாசி அமுக்குகிறீர்கள் என்று வையுங்கள். இகோவில் அதைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டுக்கொள்ளும், ஸ்போர்ட்டில் கொஞ்சம் கூட்டிக் கேட்டுக்கொள்ளும். முழுக்க அமுக்கினால் பெரும்பாலான கார்களில் இரண்டும் ஒரே இடத்துக்கே வந்து சேரும். ஸ்போர்ட் போட்டவுடன் கார் பாய்வது போலிருப்பது இன்ஜினுக்குள் புதுக் குதிரைகள் வந்து சேர்ந்ததால் அல்ல. இருக்கிற குதிரைகளைச் சீக்கிரம் அவிழ்த்துவிடுவதால். அக்வாவில் மொத்தமே 100 குதிரை வலு. எந்தப் பொத்தானும் நூற்றியொன்றாவது குதிரையைப் பிறப்பிக்காது. விலையுயர்ந்த கார்களில் ஸ்டியரிங்கின் இறுக்கம், சஸ்பென்ஷன், கியர் மாறும் வேகம் எல்லாம் சேர்ந்து மாறும் என்பது உண்மைதான். அந்த ஜாதிக் கார்கள் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் அதிகம் வருவதில்லை.

2004இல் ஒரு வேடிக்கை. ஃபெராரி, பந்தயக் காரின் ஸ்டியரிங்கில் இருப்பதைப் போன்ற சின்னத் திருகு ஒன்றைத் தன் எஃப்430 காரின் ஸ்டியரிங்கில் வைத்து, மழைக்கு ஒன்று, பந்தயத்துக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தது. அதே வருடம் லேண்ட்ரோவர், டிஸ்கவரி 3இல் ஒரு வட்டத் திருகை வைத்தது. புல்லும் சரளையும் பனியும், சேறும் சக்கரத் தடமும், மணல், பாறை என்று தரையின் படமே அதில் இருந்தது. உலகத்தின் மிக வேகமான கார்க்காரரும் மிக மெதுவாகப் பாறை ஏறுகிறவரும் ஒரே வருடத்தில் ஒரே யோசனைக்கு வந்திருக்கிறார்கள். சிவப்புக் குமிழுக்கும் மஞ்சள் குமிழுக்கும் பின்னாலிருந்த யோசனை அந்தத் திருகுக்குள் வந்துவிட்டது. 'கடக்' சத்தம் மட்டும் காணாமல் போயிற்று. அங்கிருந்து கீழிறங்க அதிக காலம் எடுக்கவில்லை. 2014இல் இந்தியாவில் டாடா, ஸெஸ்ட் என்ற நடுத்தரக் குடும்பக் காரிலேயே இகோ, சிட்டி, ஸ்போர்ட் என்று மூன்றைக் கொடுத்தது.

நம் பக்கம் நிறைந்தவை, பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார்கள். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிரியஸ், 2009இல் மூன்றாம் தலைமுறையாக வந்தபோது ஈவி, இகோ, பவர் என்று மூன்று பொத்தானோடு வந்தது. அதே வருடம் ஹொண்டா இன்சைட் பச்சை நிறத்தில் 'ஈகான்' பொத்தானைக் கொண்டுவந்தது. 2011 டிசம்பரில் அக்வா. இலங்கையில் ஹைபிரிட்டுக்கு வரி குறைந்திருந்த வருடங்களில் லீசிங் போட்டு வாங்கியவர்கள் ஹட்டன் டவுன் நிறைய இருந்தார்கள்.

இதில் எதை எப்போது போடுவது? கொழும்புக்காரருக்கு ஒரு பதில், எங்களுக்கு வேறு.

இகோவை எடுங்கள். அது சேமிப்பது இரண்டு வழியில். ஒன்று, மிதியை மந்தமாக்கும். மற்றது, ஏ.சி.யின் வேலையைக் குறைக்கும். கொழும்பின் காலி வீதி நெரிசலில் இரண்டாவதே பெரிய சேமிப்பு. ஹட்டனில் ஏ.சி. போடுகிறவர் யார்? கண்ணாடி இறக்கினால் வருவதெல்லாம் ஏ.சி.தான். அதனால் இகோவின் பாதிப் பலன் கினிகத்தேன ஏறும்போதே உதிர்ந்துவிடுகிறது. அதோடு இங்கே ஏ.சி. தேவைப்படுகிற நேரம் ஒன்றே ஒன்று. மழையும் மிஸ்டும் சேர்ந்து உள்பக்கக் கண்ணாடி வெளுத்துப்போகும்போது, நீராவியை எடுக்க. இகோவில் இருந்தால் அந்த நேரம் பார்த்து அது சோம்பும். டிரைவர் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முடக்கு எடுப்பார். அப்போது செய்ய வேண்டியது இகோவை அணைப்பதுதான்.

ஏற்றத்திலும் அப்படி. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது வண்டிக்குத் தேவையான வலு தேவையானதுதான். இகோ அதைக் குறைக்க முடியாது. மிதி மந்தமாக இருப்பதால் டிரைவர் இன்னும் ஆழமாக மிதிப்பார், கணக்குச் சரியாகிவிடும். மிச்சம் கால்வலி. சமவெளியில், நோர்வூட் பக்கம் நீளமாகக் கிடக்கும் ரோட்டில், பொறுமையில்லாத காலுக்கு இகோ நல்ல வாத்தியார். அவ்வளவுதான். பவர் மோட் ஒரே ஒரு வேலைக்கு உதவும். கொழுந்து லொறியின் பின்னால் ஏற்றத்தில் மாட்டிக்கொண்டு, முன்னால் கொஞ்சம் வெளி தெரிந்ததும் சட்டென்று முந்த வேண்டியபோது. முந்தியதும் அணைத்துவிடலாம்.

ஈவிக்கு, அதாவது இன்ஜின் சத்தமில்லாமல் பெட்டரியிலேயே ஓடுவதற்கு, ஒரு உபயோகம் சொன்னார் அண்ணன். விடியக்காலை மூன்று மணிக்கு ஹயருக்குப் போகும்போது, லயத்து வாசலைத் தாண்டும்வரை ஈவி. நாய் குரைக்காது, பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளை எழும்பாது. அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தவர்கள் இப்படி ஒரு காரணத்தை யோசித்திருப்பார்களா தெரியாது. எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல காரணம் கிடையாது.

2022இன் பெட்ரோல் தட்டுப்பாட்டில் எல்லாரும் இகோக்காரர்கள் ஆனோம். ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெட்ரோல் லீட்டர் 470 ரூபாய். தோட்டத்து நாள் சம்பளம் 1,000 ரூபாயாக இருந்த நேரம். இரண்டு லீட்டருக்கு ஒரு நாள் கொழுந்து. அதுவும் கிடைத்தால். ஜூலையில் பெட்ரோல் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். கோட் வந்தது. கிழமைக்குக் காருக்கு 20 லீட்டர், ஆட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்த நாட்களில் மலைநாடு முழுக்கப் பழைய மோட் ஒன்று உயிர்த்தெழுந்தது. எந்தக் கம்பெனியும் செய்யாத மோட். நியூட்ரல்.

நியூட்ரல் போட்டுப் பள்ளம் இறங்குவது இங்கே தாத்தா காலத்துப் பழக்கம். காபரேட்டர் இருந்த காலத்தில் அதில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. இன்ஜெக்ஷன் வந்தபின் கணக்குத் தலைகீழ். கியரில் இருந்தபடி மிதியிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றும், கம்ப்யூட்டர் பெட்ரோலை முழுதாக வெட்டிவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் குடிக்க வேண்டும். மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு. ஹைபிரிட்டில் இன்னும் மோசம். நியூட்ரலில் இருந்தால் பெட்டரிக்குச் சார்ஜ் ஏறவே ஏறாது, சும்மா கிடைக்கிற கரண்டும் போச்சு.

போவது காசு மட்டுமென்றால் பரவாயில்லை. நியூட்ரலில் வண்டியைப் பிடிப்பது பிரேக் ஒன்றுதான். மலையிறங்கும் வண்டியின் ஆற்றல் முழுக்கப் பிரேக்கில் சூடாகிறது. பிரேக் எண்ணெயில் சாதாரணமாகப் பாவிக்கும் டொட் 3, புதிதாக இருந்தால் 205 பாகை செல்சியஸ்வரை தாங்க வேண்டும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சாதி. ஈரம் ஏறிய பிறகு தாங்குவதற்கு வைத்திருக்கும் எல்லை 140 பாகை. மலைநாட்டில் ஈரத்துக்கா பஞ்சம்? எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியை அமுக்கலாம், சக்கரத்தை அமுக்க முடியாது. மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. பிரேக் கருகும் வாசம் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

மறுபடி அக்வாவுக்குள் வருகிறேன். அண்ணன் மேலே ஹட்டனை விட்டதும் 'டி'யிலேயேதான் இறங்கினார். பிரேக்கை மெல்ல மெல்லத் தொட்டுக்கொண்டு. அப்படித் தொடும்போது முதலில் பிடிப்பது பிரேக் கட்டை அல்ல, மோட்டார். சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் கரண்ட் உண்டாக்கிப் பெட்டரிக்குள் அனுப்பும். டாஷ்போர்டில் பெட்டரிப் படத்தின் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. கடைசிக் கோடும் நிறைந்த நேரத்தில்தான் அவர் 'பள்ளத்து பி'க்கு இழுத்தார். கொஞ்ச நேரத்தில், மிதியில் காலே இல்லாமல், பள்ளம் இறங்கிக்கொண்டிருக்கும்போது, இன்ஜின் ஓவென்று அலறியது. ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. பெட்டரி வான் பாயுது."

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே சரி. எங்கள் கார், ஆட்களோடும் சாமான்களோடும் சுமார் 1,400 கிலோ. அது 100 மீட்டர் உயரம் இறங்கினால் அதிலிருந்து வரும் ஆற்றல் ஏறக்குறைய 0.38 யூனிட், நம் வீட்டு மின்கட்டணப் பட்டியலில் வரும் அதே யூனிட். அக்வாவின் பெட்டரி முழுக்கச் சேர்த்தே ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அது நீடிக்க வேண்டுமென்று, 40 சதவீதத்துக்குக் கீழே வடியவோ 80 சதவீதத்துக்கு மேலே ஏறவோ கம்ப்யூட்டர் விடாது. ஆக உண்மையில் பாவிக்கக்கூடிய கொள்ளளவும் கிட்டத்தட்ட அந்த 0.38தான். காற்று, டயர் தேய்வு, வழியில் வீணாவது என்று பாதி போனாலும், இரண்டு மூன்று நல்ல பள்ளத்தில் பெட்டரி நிறைந்துவிடும். ஹட்டனிலிருந்து நோட்டனுக்கு அதைவிட அதிகம் இறங்க வேண்டும். நிறைந்தபின் வரும் கரண்ட்டை எங்கே வைப்பது? மோட்டார் அந்தக் கரண்ட்டைக் கொண்டு பெட்ரோல் இல்லாத இன்ஜினைப் பிடித்துச் சுற்றுகிறது. உள்ளே காற்றை இழுத்து, அமுக்கி, வெளியே தள்ளி, வேண்டுமென்றே ஆற்றலை வீணாக்குகிறது. அந்த அலறல்தான் அது. ஒரு சொட்டுப் பெட்ரோல் போவதில்லை. 'பி'யில் போட்டால் இந்த வேலை முன்கூட்டியே தொடங்கி, இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். அதனால்தான் மேலிருந்தே 'பி'யில் போட்டு வருவதும் புத்தியில்லை. பெட்டரிக்குப் போக வேண்டியதை இன்ஜின் தின்றுவிடும். கோடு ஏறும்வரை 'டி', ஏறியபின் 'பி'. கையேட்டை வாசித்து அண்ணன் இதைப் பழகவில்லை. அந்தக் காரோடு வந்த கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தது.

'பள்ளத்து பி'க்கு நோட்டன் பிரிட்ஜைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. இந்த ஊர் இருப்பதே மேலிருந்து கீழே விழுவதைக் கரண்டாக்குவதற்காக. டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். களனி கங்கையின் தலைப்பக்கத்து ஆறுகளைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் தரலாம் என்றார். லக்ஷபானவின் முதல் மின்சாரம் வர 1950 ஆயிற்று. இன்று காசல்ரீயில் தேங்கும் கெஹெல்கமு ஓயாத் தண்ணீர் மலைக்குள் ஓடி, நோட்டன் பிரிட்ஜில் அவர் பெயர் தாங்கிய நிலையத்தின் டர்பைனைச் சுற்றுகிறது. அங்கே நோட்டன் அணைக்குள் விழும் தண்ணீர், மறுபடி இறங்கிப் பழைய லக்ஷபான நிலையத்தைச் சுற்றுகிறது. விழுகிறது, சுற்றுகிறது, கரண்டாகிறது. காரும் அதைத்தான் செய்துகொண்டு இறங்கியது. அதன் பெயரும் அக்வா, லத்தீனில் தண்ணீர்.

நாங்கள் போனது ஜூன் மாதம். தென்மேற்கு மழை அடித்து ஓய்ந்த மறுநாள். முடக்குத் தாண்டி அணை கண்ணில் பட்டபோது, வான்கதவு திறந்திருந்தது. கபில நிறத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு டர்பைன் பக்கம் போகாமல் ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது. நிறைந்தால் அதுவும் அப்படித்தான்.

டவுனில் தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில், ரோட்டோரச் சரிவில் அண்ணன் காரை ஒதுக்கினார். கோலை மேலே தள்ளினார். "இது நிறுத்துற பி." கைப்பிரேக்கை இழுத்தார். இன்ஜினை அணைத்தார். பிறகு இறங்கிப் பின்னால் போய், டிக்கியைத் திறந்து, ஸ்பெயர் டயருக்குப் பக்கத்தில் அரிசிச் சாக்கில் சுற்றி வைத்திருந்த கல்லை எடுத்து, பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டி இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு பிளேன்ட்டி சொல்லச் சொன்னார்.